ஒரு கேஸ்கூட இல்லை என்று யார், எப்படிச் சொல்கிறார்கள்? போலியோ ஆய்வகங்கள் பற்றி

தொடர்கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கிற ஒரு சந்தேகம். போலியோ வைரஸைத் தேட உலகம் முழுக்க 146 ஆய்வகங்கள், சுமார் 92 நாடுகளில் இருக்கின்றன என்று படித்தேன். 1990-ல் தொடங்கிய ஏற்பாடாம். ஆனால் இயற்கையான போலியோ வைரஸ் ஊருக்குள் விடாமல் சுற்றிக்கொண்டிருப்பது இப்போது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்ற இரண்டே நாடுகளில். அப்படியானால் மற்ற தொண்ணூறு நாடுகளில் ஆண்டு முழுக்க எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்? நோய் போன பிறகும் காவல் எதற்கு?

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. என் சித்தப்பாவுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. இந்த நோயைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

நான் பதினான்கு வருடமாக இப்படி ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எந்த ஆய்வகம் என்பது வேண்டாம். உங்கள் கேள்வியை என் வீட்டிலேயே பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

போலியோ வைரஸ் தொற்றிய குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குச் சளி, காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும். ஏறக்குறைய 200 பேருக்குத் தொற்றினால்தான் ஒருவருக்கு நிரந்தர வாதம் வரும். அதனால் ஒரு குழந்தைக்குக் கால் விழுந்துவிட்டது என்று நமக்குத் தெரிய வரும்போது, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வைரஸை மலத்தில் வெளியேற்றியபடி ஓடியாடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். பெரியம்மைக்கு இந்தச் சிக்கல் இல்லை. தொற்றியவரின் முகத்திலேயே தெரிந்துவிடும். போலியோவில் கண்ணுக்குத் தெரிகிற நோயாளியை மட்டும் எண்ணினால் கணக்கே தப்பு.

அதனால் நாங்கள் போலியோ நோயாளியைத் தேடுவதில்லை. 15 வயதுக்குள் எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டு போனாலும், காரணம் எதுவாக இருந்தாலும், அந்தக் குழந்தையின் மலம் எங்களிடம் வர வேண்டும். துறையில் இதை ஏ.எஃப்.பி. கேஸ் என்போம், திடீர்த் தளர்வாதம். இதில் பெரும்பாலானவை போலியோ இல்லை. கில்லன்-பாரே என்ற நரம்பு நோயாக இருக்கும், முதுகுத்தண்டு அழற்சியாக இருக்கும். இவை எல்லா நாட்டிலும் இயல்பாகவே ஓரளவு வந்துகொண்டுதான் இருக்கும். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றாவது வந்தே தீரும் என்பது அனுபவக் கணக்கு. ஆபத்து அதிகமுள்ள நாடுகளில் இரண்டாவது வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு மாவட்டத்திலிருந்து வருடம் முழுக்க ஒரு ஏ.எஃப்.பி. கேஸ்கூட வரவில்லை என்றால் அங்கே எல்லாரும் நலம் என்று அர்த்தம் இல்லை. அங்கே யாரும் தேடவில்லை என்று அர்த்தம். போலியோ இல்லாத வாதம் போதுமான அளவுக்கு எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தால்தான் "போலியோ இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியும். அந்தத் தொண்ணூறு நாடுகளில் நடக்கிற வேலை இதுதான்.

பழைய_செவிலி

நுண்ணோக்கி சொன்னதில் முன்பாதி என் வேலை. ஆய்வகத்துக்கு சாம்பிள் தானாக நடந்து வராது.

வாதம் வந்த 14 நாளுக்குள் இரண்டு சாம்பிள் எடுக்கணும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம் இருக்கணும். வைரஸ் தினமும் ஒரே அளவில் வெளியே வராது, அதனால்தான் இரண்டு. ஒவ்வொன்றும் பெரியவங்க கட்டைவிரல் அளவு, எட்டு கிராம் இருந்தால் நல்லது. டப்பாவை இறுக்கி மூடி, கவரில் போட்டு, ஐஸ் பேக் நாலு பக்கமும் வைத்து, தடுப்பூசி கொண்டுபோற பெட்டி மாதிரியே இருக்கிற, ஆனால் அதுக்குன்னு தனியாக வைத்திருக்கிற பெட்டியில் அனுப்பணும். எடுத்த மூன்று நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேரணும். தடுப்பூசி மேலிருந்து கீழே குளிர்ச்சி விடாமல் வரும். இது கீழிருந்து மேலே போகிற குளிர்ச்சங்கிலி.

எழுதும்போது சுலபமாக இருக்கு. கால் விழுந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற தாயிடம் போய், "அம்மா, பிள்ளை வெளிக்குப் போனால் இந்த டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைங்க" என்று கேட்கிறது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்க. வாதம் வந்த பிள்ளைகளுக்குப் பாதி நேரம் மலச்சிக்கல். இரண்டு நாள் அந்த வீட்டுத் திண்ணையிலேயே காத்திருந்திருக்கேன்.

ஒரு கேஸ் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகலை. இரண்டு வயசுப் பிள்ளை, வலது கால். பத்தாவது நாளில் தகவல் கிடைத்துப் போய் இரண்டு சாம்பிளும் எடுத்தாச்சு. நடுவில் ஒரு அலுவலகத்தில் பெட்டியை வாங்கி வைத்தவங்க, தொடர்ந்து விடுமுறை வந்ததால் நாலு நாள் அறை ஓரத்திலேயே விட்டுட்டாங்க. ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தப்போ ஐஸ் பேக் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணியாக இருந்ததாம். "சாம்பிள் நிலை: மோசம்" என்று பதிவாகி வந்தது. ரிசல்ட் நெகட்டிவ். ஆனால் அந்த நெகட்டிவை நம்ப முடியாது. 60-வது நாள் மறுபடி போய்ப் பார்த்தேன், கால் தேறவில்லை. நிபுணர் குழு கூடி அந்தப் பிள்ளையைப் "போலியோவாக இருக்கக்கூடும்" என்ற பிரிவில் சேர்த்தாங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் போகிறதில்லை.

கணக்குப்பிள்ளை

உங்கள் இருவர் உழைப்புக்கும் மரியாதை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

1988-ல் உலக சுகாதார மாநாட்டில் தீர்மானம் போட்டபோது ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் வாதத்தில் விழுந்தார்கள், 125 நாடுகளுக்கு மேல் நோய் இருந்தது. அன்றைக்கு இவ்வளவு பெரிய வலை தேவைதான். இன்று ஆண்டுக்குச் சில நூறு கேஸ். அதே காசை வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் போட்டால் எத்தனை உயிர் மிஞ்சும்?

இரண்டாவது, வேகம். கொரோனா காலத்தில் பி.சி.ஆர். முடிவு சில மணி நேரத்தில் கையில் கிடைத்தது. போலியோ ஆய்வகம் மட்டும் செல்லை வளர்த்து, வைரஸை வளர்த்து, 14 நாள் எடுத்துக்கொள்கிறது. ஏன் இந்தப் பழைய முறை?

நுண்ணோக்கி

நியாயமான கேள்விகள். இரண்டாவதுதான் என் தினசரி வேலை, அதை முதலில் சொல்கிறேன்.

மலம் என்பது மிகவும் அழுக்கான மாதிரி. பாக்டீரியா, பூஞ்சை, கொழுப்பு, பி.சி.ஆரைத் தடுக்கிற பொருட்கள் எல்லாம் அதில் உண்டு. முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது. உப்புக்கரைசலில் கரைத்து, கண்ணாடி மணிகளும் குளோரோஃபார்மும் சேர்த்து, இருபது நிமிடம் எந்திரத்தில் குலுக்கி, பிறகு சுழற்றுவோம். குளோரோஃபார்மில் பாக்டீரியா செத்துவிடும். போலியோ வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது, அதனால் அது தப்பித்துவிடும். மேலே நிற்கிற தெளிந்த நீரில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது, இருந்தால்.

அந்த நீரைத் துளித்துளியாக இரண்டு வகைச் செல்களுக்கு ஊற்றுவோம். ஒன்று ஆர்.டி., மனிதத் தசைப் புற்றிலிருந்து வந்த செல். இதில் போலியோவும் வளரும், அதன் சொந்தக்காரக் குடல் வைரஸ்களான என்டரோ வைரஸ்கள் பலவும் வளரும். இன்னொன்று எல்20பி. இது எலியின் செல். எலிக்கு இயல்பாகப் போலியோ தொற்றாது, ஏனென்றால் வைரஸ் வந்து பிடித்துக்கொள்கிற ஏற்பி எலிச் செல்லில் இல்லை. மனிதனிடம் இருக்கிற அந்த ஏற்பியின் மரபணுவை எலிச் செல்லுக்குள் வைத்து எல்20பி-யை உருவாக்கினார்கள். ஆயிரம் வீடுள்ள தெருவில் ஒரே ஒரு கதவுக்கு மட்டும் போலியோ சாவியைப் பொருத்தி வைத்தது போல. அந்தக் கதவு திறந்தால் உள்ளே வந்தது அநேகமாகப் போலியோதான்.

தினமும் காலையில் ஒவ்வொரு டியூபாகத் தலைகீழ் நுண்ணோக்கியில் பார்ப்பேன். நல்ல ஆர்.டி. செல்கள் நெல்மணி மாதிரி நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் விரித்தது போல இருக்கும். வைரஸ் இருந்தால் ஓர் ஓரத்தில் இரண்டு மூன்று செல் உருண்டையாகி, பளபளவென்று மின்னும். மறுநாள் அந்த இடம் ஓட்டை. அதற்கு மறுநாள் பாய் முழுக்கக் கிழிந்து, செல்கள் தண்ணீரில் மிதக்கும். இப்படி ஐந்து நாள் பார்ப்போம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதை அப்படியே விடாமல், புதிய செல்லுக்கு மாற்றி இன்னும் ஐந்து நாள் பார்ப்போம். சாம்பிளில் விரல்விட்டு எண்ணக்கூடிய வைரஸ் இருந்தாலும் இந்தப் பத்து நாளில் அவை கோடிக்கணக்கில் பெருகிவிடும். இந்த முறைக்கு விதை போட்டது 1949-ல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை நரம்புத் திசு இல்லாமலே குடுவையில் வளர்த்துக் காட்டியது. 1954-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த பிறகு நாங்களும் பி.சி.ஆர். போடுகிறோம். போலியோவின் மூன்று வகைகளில் எந்த வகை, இயற்கையானதா, சொட்டு மருந்தில் இருந்ததா என்று அது பிரித்துச் சொல்லும். சந்தேகமானதை மரபணு வரிசைக்கு அனுப்புவோம். இப்போது மலத்திலிருந்தே நேராக வரிசை படிக்கிற நானோபோர் முறையும் சில ஆய்வகங்களுக்கு வந்திருக்கிறது. பல நாட்கள் மிச்சமாகும். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் ஏழை நாட்டின் ஒரு தேசிய ஆய்வகத்தில் மின்சாரம் போய்ப் போய் வருகிற சூழலிலும் இருபது வருடமாக ஏமாற்றாமல் வேலை செய்தது இந்த இரண்டு செல்களும்தான்.

பழைய_செவிலி அக்கா சொன்ன வெதுவெதுப்பான பெட்டிக்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். எங்களுக்கு வருகிற மொத்த மாதிரிகளில் குறைந்தது பத்து சதவீதத்திலாவது போலியோ அல்லாத என்டரோ வைரஸ் கிடைக்க வேண்டும் என்று ஓர் அளவுகோல் உண்டு. அந்த வைரஸ்களால் எங்களுக்கு நேரடியாக ஒரு பயனும் இல்லை. ஆனால் அவை உயிரோடு வந்து சேர்ந்தால் போலியோவும் இருந்திருந்தால் வந்து சேர்ந்திருக்கும் என்று தெரியும். அந்தச் சதவீதம் குறைகிற மாதம், ஐஸ் எங்கே உருகுகிறது, எங்கள் செல் ஏன் மந்தமாகிவிட்டது என்று தேட ஆரம்பிப்போம்.

தென்றல்

படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது அக்கா. மரபணு வரிசை படித்தால் என்ன கூடுதலாகத் தெரியும்? வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பது போதாதா?

நுண்ணோக்கி

போதாது தென்றல். வரிசை படிக்கும்போதுதான் வைரஸ் தன் கதையைச் சொல்கிறது.

போலியோ வைரஸின் மேலோட்டில் வி.பி.1 என்ற புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு சுமார் 900 எழுத்து நீளம். வைரஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும்போது படியெடுப்பதில் தவறுகள் சேர்ந்துகொண்டே போகும். இந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம், அதாவது ஒன்பது எழுத்து மாறும். கடிகாரம் மாதிரி. இரண்டு வைரஸ்களை ஒப்பிட்டு எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணினால், இரண்டும் பிரிந்து எவ்வளவு காலமாகிறது என்று சொல்லிவிடலாம்.

2016 ஆகஸ்டில் நைஜீரியாவின் போர்னோ மாநிலத்தில் இயற்கையான போலியோ கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் இரண்டு வருடமாக அந்த நாட்டில் ஒரு கேஸ்கூட இல்லை, எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். வரிசையைப் படித்துப் பார்த்தால் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் 2011-ல் அதே போர்னோவில் கிடைத்த வைரஸ். நடுவில் ஐந்து வருடச் சங்கிலியைக் காணோம். போகோ ஹராம் ஆயுதக் குழுவின் பிடியில் இருந்த, யாரும் உள்ளே போக முடியாத ஊர்களில் அந்த ஐந்து வருடமும் வைரஸ் பிள்ளையிலிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இப்படி உறவு தெரியாமல் தனித்து நிற்கிற வைரஸை நாங்கள் அநாதை வைரஸ் என்போம். அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றில் ஒரு பிசைவு. கண்காணிப்பில் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

மலாவியில் லிலோங்வேயில் ஒரு சிறுமிக்கு 2021 நவம்பரில் வாதம் வந்தது. 2022 பிப்ரவரியில் முடிவு அறிவிக்கப்பட்டது: இயற்கையான முதல் வகை. வரிசையைப் பார்த்தால் அது பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2019-ல் இருந்த வைரஸின் வாரிசு. கடல் தாண்டி ஆப்பிரிக்கா வந்திருக்கிறது, யார் வழியாக என்று தெரியாது. அதே ஆண்டில் மொசாம்பிக்கிலும் வந்தது. தொடர்கேள்வி, தொண்ணூறு நாடுகளில் எதற்கு என்று கேட்டீர்களே. மலாவியில் மலம் எடுத்து அனுப்புகிற பழக்கம் விட்டுப்போயிருந்தால் அந்தச் சிறுமி மருத்துவமனைக் குறிப்பேட்டில் "கால் பலவீனம்" என்ற ஒரு வரியாக முடிந்திருப்பாள்.

வாய்க்கால்காரன்

நான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பவன். எங்கள் வேலையும் இந்தக் கதையில் வருவதால் எழுதுகிறேன்.

விடியற்காலை எல்லா வீட்டிலும் கழிவறை ஓடுகிற நேரம் பார்த்து, உள்ளே வருகிற ஓட்டத்தில் ஒரு லிட்டர் பிடிப்போம். சுத்தம் செய்த பிறகு அல்ல, அதற்கு முன். மூடி இறுக்கி, ஐஸ் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அரை லிட்டரை எடுத்து இரண்டு வகை ரசாயனக் கரைசலைக் கலந்து புனலில் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவார்களாம். மறுநாள் காலை எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும், வைரஸ் எல்லாம் அடியில் உள்ள சின்ன அடுக்கில் ஒதுங்கிவிடும். ஒரு ஆய்வாளர் வந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அதுவரை எதற்குப் பிடித்துக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே பிடித்தோம்.

இதன் பலம் என்னவென்றால் யாருக்கும் கால் விழ வேண்டியதில்லை. 2013-ல் இஸ்ரேலில் ராஹத் என்ற ஊரின் கழிவுநீரில் இயற்கையான போலியோ வைரஸ் கிடைத்தது. அந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டிருந்தது. ஊசி வாதம் வராமல் காக்கும், ஆனால் குடலில் வைரஸ் தங்குவதை முழுக்கத் தடுக்காது. அதனால் ஒரு குழந்தைக்கும் வாதம் வராமலே வைரஸ் மாதக்கணக்கில் சுற்றியது. சாக்கடையைப் பார்த்துத்தான் சொட்டு மருந்தை மறுபடி கொடுத்தார்கள்.

2022-ல் லண்டனில் பெக்டன் சுத்திகரிப்பு நிலையம். சுமார் நாற்பது லட்சம் பேரின் கழிவு வருகிற இடம். அங்கே பிப்ரவரியிலிருந்து திரும்பத் திரும்ப இரண்டாம் வகை வைரஸ் கிடைத்தது. அதே வருடம் நியூயார்க் மாநிலத்தில் ராக்லண்ட் பகுதியில் தடுப்பூசி போடாத ஒரு இளைஞருக்கு வந்த வாதம் போலியோ என்று ஜூலையில் உறுதியானது. ஜெருசலேமிலும் கிடைத்தது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சொந்தம். மூன்று கண்டத்துச் சாக்கடையை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடிந்தது எல்லா ஆய்வகமும் ஒரே முறையில் வேலை செய்ததால்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். குழாய் போட்ட நகரத்துக்குத்தான் இது சரிப்படும். வீட்டுக்கு வீடு குழி தோண்டி வைத்திருக்கிற ஊரில் எங்கே போய்ப் பிடிப்பது? திறந்த ஓடையில் பிடிக்கிறார்கள், மழை பெய்தால் எல்லாம் நீர்த்துப் போகும்.

கணக்குப்பிள்ளை

மலாவி எடுத்துக்காட்டு என் முதல் கேள்விக்குப் பாதி பதில். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் கிடைத்தது இயற்கையான வைரஸ் இல்லை, சொட்டு மருந்திலிருந்து உருமாறியது. இன்றைக்கு உலகத்தில் போலியோவால் வாதம் வருகிற குழந்தைகளில் பலருக்கு வருவது இந்த வகைதான். இதை வெளியே சொல்லவே பலரும் தயங்குகிறார்கள். நீங்கள் சொல்வீர்களா?

நுண்ணோக்கி

சொல்வேன். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே ஆய்வகங்கள்தான்.

சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். பெரும்பாலான பிள்ளைகள் தடுப்பூசி பெற்ற ஊரில் அது சில வாரத்தில் மறைந்துவிடும். பாதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து பாதியை விட்டுவிட்ட ஊரில், அது விட்டுப்போன பிள்ளைகள் வழியாக மாதக்கணக்கில் பரவி, எழுத்து மாறி மாறி, பழைய வலுவை மீட்டுக்கொள்ளலாம். 2000-2001-ல் ஹைட்டியிலும் டொமினிக்கன் குடியரசிலும் வந்த நோயை வரிசை படித்தபோதுதான் இது பளிச்சென்று தெரிந்தது. பிறகு பழைய மாதிரிகளைத் தேடி எடுத்துப் பார்த்தால், எகிப்தில் 1988 முதல் 1993 வரை யாருக்கும் தெரியாமல் இப்படி நடந்திருந்தது. இப்போது முதல், மூன்றாம் வகைகளில் வி.பி.1-ல் பத்து எழுத்து மாறியிருந்தாலே, இரண்டாம் வகையில் ஆறு எழுத்து மாறியிருந்தாலே மணி அடித்துவிடுவோம்.

இயற்கையான இரண்டாம் வகை 1999-ல் இந்தியாவில் அலிகாரில் கடைசியாகக் காணப்பட்டது. 2015-ல் அது ஒழிந்தது என்று சான்று தந்தார்கள். அதனால் 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகையை எடுத்தார்கள். நினைத்தபடி நடக்கவில்லை. எடுப்பதற்கு முன்பே சில இடங்களில் உருமாறியது சுற்றிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வகைக்கு எதிராகக் குடலில் பாதுகாப்பு இல்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாதத்தில் விழுந்தார்கள். எளிதில் உருமாறாதபடி மரபணுவைத் திருத்திய புதிய இரண்டாம் வகை மருந்து 2021 மார்ச்சிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நாங்கள்தான்.

இதைச் சொன்னால் மக்கள் மருந்தை மறுப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். மறைத்து வைத்துப் பிறகு தெரிய வந்தால் அதைவிட அதிகமாக மறுப்பார்கள். உருமாறியதைத் தடுக்கிற வழியும் விட்டுப்போன பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான், இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024-ல் காசாவைப் பாருங்கள். ஜூன் கடைசியில் கான் யூனிஸிலும் டெய்ர் அல்-பலாஹிலும் பிடித்த கழிவுநீரில் உருமாறிய இரண்டாம் வகை இருந்தது. குண்டு விழுகிற ஊரில் ஒருவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு சாக்கடைக்குப் போயிருக்கிறார், அதை நினைத்துக்கொள்கிறேன் அடிக்கடி. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு வாதம் என்று ஜோர்டான் ஆய்வகம் உறுதி செய்தது. காசாவில் 25 வருடத்தில் முதல் கேஸ். செப்டம்பரில் சண்டையை இடத்துக்கு இடம் நிறுத்தி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

தென்றல்

இவ்வளவு ஆய்வகங்களில் வைரஸை வளர்க்கிறீர்களே, அங்கிருந்தே வெளியே வராதா? பயமாக இருக்கிறது, கேட்டதற்கு மன்னிக்கவும்.

நுண்ணோக்கி

மன்னிப்பு எதற்கு, எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. நடந்தும் இருக்கிறது. 2014-ல் பெல்ஜியத்தில் ஒரு மருந்து ஆலையிலிருந்து செறிவான மூன்றாம் வகை வைரஸ் கரைசல் 45 லிட்டர் தவறுதலாகக் கழிவுநீரில் போய்விட்டது. 2017-ல் நெதர்லாந்தில் ஊசி மருந்து செய்கிற இடத்தில் கசிவு ஏற்பட்டு, ஒரு ஊழியருக்கு இரண்டாம் வகை தொற்றியது. அவருக்கு வாதம் வரவில்லை, தனிமைப்படுத்திப் பல வாரம் கண்காணித்தார்கள். ஒழிந்த வைரஸ் திரும்பி வருவதற்கு மிச்சமிருக்கிற வழி ஆய்வகக் கதவுதான்.

அதனால் இரண்டாம் வகையை வைத்திருக்க வேண்டிய அவசியம் உள்ள சில இடங்களைத் தவிர மற்றவர்கள் அழித்துவிட வேண்டும் என்பது விதி. எங்கள் உறைபெட்டியைச் சுத்தம் செய்த வாரம் மறக்காது. போலியோ மாதிரிகள் எங்கே என்று எங்களுக்குத் தெரியும். தெரியாதது, பல வருடங்களுக்கு முன் வேறு யாரோ வயிற்றுப்போக்கு ஆராய்ச்சிக்குச் சேர்த்து வைத்த மலம். அந்தக் காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருப்பார்கள், ஆக அதிலும் வைரஸ் இருக்கலாம். மை மங்கிய லேபிள்களைப் படித்துப் படித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கலனில், போட்டோம். ஒரு பெட்டியில் லேபிளே இல்லை. இருந்தால் இருக்கட்டும் என்று விடவில்லை, அதுவும் போனது.

கணக்குப்பிள்ளை

வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று நான் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய_செவிலி

அதுக்கு நான் சொல்றேன் தம்பி. போலியோ பெட்டி போலியோவை மட்டும் சுமக்கலை. போலியோவுக்காகப் போட்ட பாதையைப் பார்த்துத்தான் தட்டம்மை, ருபெல்லா ஆய்வக வலையையும் கட்டினாங்க. இன்றைக்கு அது 700 ஆய்வகத்துக்கு மேல். 2014-ல் லாகோஸில் எபோலா வந்தப்போ நைஜீரியாவில் போலியோ வேலை பார்த்த ஆட்களைத்தான் அப்படியே அதுக்குத் திருப்பி விட்டாங்க. கொரோனாவில் எத்தனையோ நாட்டில் முதல் பரிசோதனைகளைச் செய்தது போலியோ ஆய்வகத்து ஆட்கள்தான்.

இப்போ கவலை வேற. அந்தத் தட்டம்மை வலைக்கு முழுப் பணமும் அமெரிக்காவிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றால் வலையே மூடிப் போகும் என்று 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. ஒரு ஆய்வகத்தை மூடினால் எந்திரம் அங்கேயே இருக்கும். டியூபைப் பார்த்ததும் "இது வைரஸ், இது செல் வயசானது" என்று சொல்கிற கண் போயிடும். அந்தக் கண் வருவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று நுண்ணோக்கியைக் கேளுங்க.

நுண்ணோக்கி

எனக்கு மூன்று வருடம் ஆனது அக்கா. வருடா வருடம் எங்களைச் சோதிக்க என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மாதிரிகளை அனுப்புவார்கள். 90 மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் எங்கள் ரிசல்டையே ஏற்க மாட்டார்கள். பதினான்கு வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெட்டி வருகிற நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கணக்குப்பிள்ளை, காசு குறைவாக இருக்கும்போது எங்கே வெட்டுவது என்ற உங்கள் கேள்வியை நான் தள்ளவில்லை. வெட்டுவதாக இருந்தால் பயணத்திலும் கூட்டங்களிலும் வெட்டட்டும். ஐஸ் பேக்கிலும் செல்லிலும் வேண்டாம்.

தொடர்கேள்வி

இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு இழை முழுவதையும் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கழிவுநீர் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு "எனக்கு அப்போ யாரும் எதையும் எடுக்கலையே" என்றார். டாக்டர் கையால் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதோடு சரியாம். எந்த வகை வைரஸ் என்று இப்போது இரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா?

நுண்ணோக்கி

முடியாது சகோ. வைரஸ் எப்போதோ போய்விட்டிருக்கும். எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்தால் பிறகு பிள்ளைகளிடமிருந்து வந்த சொட்டு மருந்து வைரஸும் அதில் கலந்திருக்கும், பிரித்துச் சொல்ல வழியில்லை.

பழைய_செவிலி

தம்பி, உங்க சித்தப்பாவிடம் மூணு கேள்வி கேட்டுச் சொல்லுங்க. வாதம் வந்தப்போ காய்ச்சல் இருந்ததா? காய்ச்சலுக்கு எத்தனையாவது நாள் கால் விழுந்தது? கிள்ளினால் அந்தக் காலில் வலி தெரிந்ததா? அவருக்கு நினைவு இல்லைன்னாலும் பாட்டி சொல்லியிருப்பாங்க.

தொடர்கேள்வி

கேட்டுவிட்டேன் அம்மா. நல்ல காய்ச்சல். இரண்டாம் நாள் சாயங்காலம் எழுந்து நிற்க முடியவில்லை, இடது கால் மட்டும். கிள்ளினால் அழுதாராம், பாட்டி அதைச் சொல்லிச் சொல்லியே இருந்தாங்களாம், உணர்ச்சி இருக்கு, சரியாயிடும்னு நம்பினாங்களாம்.

பழைய_செவிலி

காய்ச்சல் ஆம். ஒரு பக்கம் மட்டும் ஆம். உணர்ச்சி உண்டு ஆம். படிவத்தில் இந்த மூணு இடத்திலும் டிக் விழுந்தால் நான் வண்டிக்குக் காத்திருக்க மாட்டேன், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிடுவேன். சித்தப்பாவிடம் சொல்லுங்க, அன்றைக்கு நான் இருந்திருந்தால் அவங்க வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பேன் என்று.